லெட்சுமியின் கூடை, வீராயியின் தலை

வீராயிக்கு முதலில் போனது மூக்கு.

தெமோதரைக்கு மேலே இருக்கிற உச்சிக்கல் தோட்டத்தில் இராத்திரி முழுக்க ஸ்டோர் என்கிற தொழிற்சாலையில் தேயிலை காயும். விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நடந்து போகிறவர்களை அந்த வாசம் பாதி வழிக்கே வந்து கூட்டிக்கொண்டு போகும். ஐம்பத்தொன்பதாம் வருசம் மார்கழியில் ஒருநாள் அது வீராயியைக் கூட்டிப்போக வரவில்லை. சளியாக இருக்கும் என்று நினைத்தாள். தை பிறந்தது, சளி போனது, வாசம் வரவில்லை. அடுப்பில் ரொட்டி கருகி, ஒற்றை அறைக் காம்பரா முழுக்கப் புகை மண்டி, பக்கத்துக் காம்பராக்காரி ஓடிவந்து கத்தின பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

"மூக்க எதுக்குடி வச்சிருக்க? மூக்குத்தி போடவா?" என்றான் அவள் புருசன் கணபதி.

"ஆமா, நீ வாங்கிக் குடுத்த மூக்குத்தியெல்லாம் கழட்டி மாட்டிக் கை வலிக்கிது பாரு."

வாய்க்கு வாய் கொடுப்பதில் வீராயியை மிஞ்ச, வரிசையாகக் காம்பரா கட்டின அந்த லயத்தில் ஆள் கிடையாது. முப்பத்தைந்து வயசு. கொழுந்து எடுப்பதில் கை பறக்கும். கோபம் வந்தால் கங்காணி என்றும் பார்க்க மாட்டாள், கணக்கப்பிள்ளை என்றும் பார்க்க மாட்டாள். அதனால்தானோ என்னவோ, அடுத்த வருசம் அவள் கொழுந்து நிரையில் பக்கத்துப் பெண்களின் கூடையில் மோத ஆரம்பித்தபோது, அவளுக்கு உடம்புக்கு ஏதோ செய்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. திமிர் என்றுதான் நினைத்தார்கள்.

"என்னா, ராணி ஊர்வலம் வர்றியா? பக்கத்துல மனுசங்க நிக்கிறது தெரியல?" என்று கங்காணி வீரசிங்கம் குடையை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"தெரியல கங்காணி. நெசமாவே தெரியல" என்றாள் வீராயி. அதையும் நக்கல் என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சொன்னது உண்மை. நேரே பார்த்தால் கொழுந்து தெரியும், கொழுந்தின் மேலே உட்கார்ந்த பூச்சி தெரியும். இரண்டு பக்கமும் யாரோ சாக்கைத் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. காலையில் எழுந்ததும் நெற்றிக்குப் பின்னால் இடிக்கும். தோட்டத்து டிஸ்பென்சர் மூன்று தடவை ஒரே கலர் மருந்தைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தார். பக்கத்தில் இருந்த தண்ணீர்க் கான் தெரியாமல் கூடையோடு உள்ளே விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்ட அன்றுதான் கணபதிக்குப் பயம் வந்தது. அறுபத்தொன்றாம் வருசம் தைப்பொங்கல் கழிந்த வாரம், மலையிறங்கித் தெமோதரைக்கு வந்து, பஸ் ஏறி, அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

அங்கே இரகுநாதன் என்று ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் இருந்தார். மெலிந்த மனிதர். கையில் பேனாவைப் பிடித்தபடி கேட்டார்: "உங்கடை பேர்?"

"வீராயிங்க."

யோசிக்காமல் வந்தது. ஏன் யோசிக்க வேண்டும்? பெற்றவள் வைத்த பேர் அதுதான். லயத்தில் எல்லோரும் கூப்பிடுவதும் அதுதான். ஆனால் கேளுங்கள், தோட்டத்து ஆபீஸில் அவளுக்கு அந்தப் பேர் இல்லை. செக்ரோல் என்று ஒரு பெரிய புத்தகம், வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் தினம் பேர் விழுகிற புத்தகம். அதில் அவள் லெட்சுமி, நம்பர் அறுபத்தெட்டு. லெட்சுமி என்பது அவளுடைய அண்ணன் பெண்டாட்டி. வீராயிக்குப் பன்னிரண்டு வயசாக இருக்கும்போது காய்ச்சலில் செத்துப்போனாள். அப்போது வீராயியை வேலைக்குச் சேர்க்கப் புதுப் பேர் பதியத் தோட்டத்துத் துரை ஒத்துக்கொள்ளவில்லை. வீரசிங்கத்தின் அப்பன் அன்றைக்குக் கங்காணி. "பேரு சும்மாத்தான கெடக்கு, புள்ளைய அதுல போட்டுரு" என்று செத்தவளின் பேரில் சின்னப்பிள்ளையை ஏற்றிவிட்டான். இப்படி ஏறியவர்கள் அந்தத் தோட்டத்தில் பத்து இருபது பேருக்குக் குறையாது. யாரும் அதை ஒரு பொருட்டாக எடுத்ததில்லை. பெரட்டுக்களத்தில் "லெட்சுமி" என்றால் "இருக்கேங்க" என்பாள். மலையேறினால் வீராயி.

டாக்டர் அவளை உட்காரவைத்து ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னார். பக்கத்திலிருந்து விரலை ஆட்டிக்கொண்டே வந்தார். "தெரியேக்கை சொல்லுங்கோ." விரல் அவள் மூக்குக்கு நேரே வரும்வரை அவள் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கடியில் பிடித்தார். "என்ன வாசம்?" அவள் விழித்தாள். சின்ன விளக்கைக் கண்ணுக்குள் அடித்து வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு தலையை எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு இருவரையும் கூப்பிட்டார்.

"பயப்பிடாதேங்கோ எண்டு நான் சொல்லப்போறதில்லை" என்றார். "பயம் வரத்தான் செய்யும். ஆனா விசயம் தெரிஞ்சுகொண்டு பயப்பிடுங்கோ. மூளை கிடக்கிற இடத்துக்கு அடியிலை, மண்டையோட்டின்ரை அடித்தளத்திலை, மூக்குக்கு நேரை மேலை ஒரு கட்டி வளருது. புற்று மாதிரித் தெரியேல்லை. மெல்ல வளர்ற சாதி. ஆனா கண்ணுக்குப் போற நரம்பை அமத்துது. வாச நரம்பு ஏற்கெனவே போட்டுது."

"மருந்து இருக்குங்களா ஐயா?" என்றான் கணபதி.

"மருந்திலை கரையாது. வெட்டித்தான் எடுக்கோணும். இஞ்சை ஏலாது, கொழும்பிலைதான். மண்டையைத் திறந்து செய்யிற டாக்குத்தர்மார் அங்கைதான் இருக்கினம்."

கணபதி சுவரைப் பிடித்துக்கொண்டான். வீராயி பிடிக்கவில்லை. "தொறந்து என்னாங்க செய்வாங்க? நெசத்தச் சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. அதற்காகவே அவள் அவரை நம்பினாள். மொட்டை அடிப்பார்கள். முன்மண்டையில் தோலை மடித்து, எலும்பை மூடி மாதிரிக் கழற்றி, மூளையை மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டியைத் துண்டு துண்டாக எடுப்பார்கள். ஆறு மணித்தியாலம், ஏழு மணித்தியாலம் போகும். திரும்ப எலும்பை வைத்துத் தைப்பார்கள். முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கும். வலிப்பு வரலாம். மூக்கால் தண்ணீர் மாதிரி ஒழுகினால் அது சளி இல்லை, உடனே சொல்லவேண்டும். மூக்கைச் சிந்தக்கூடாது, குனியக்கூடாது. போன வாசம் வராது. கண்ணில் போனதும் வருமென்று சொல்ல முடியாது.

"அப்ப எதுக்குங்க வெட்டணும்?"

"இருக்கிறதைக் காப்பாத்த. இப்ப ரெண்டு கண்ணிலையும் நடுப்பார்வை இருக்கு. வெட்டாட்டி ரெண்டும் போகும், பிறகு உயிரும் போகும். பத்துப் பேருக்கு வெட்டினா ஒண்டு ரெண்டு பேர் எழும்பமாட்டினம். அதையும் சொல்லத்தான் வேணும்."

வீராயி தன் விரல்களைப் பார்த்தாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். "வெட்டச் சொல்லுங்க" என்றாள்.

"கொழும்பிலை கட்டில் கிடைச்ச உடனை எனக்கு எழுதுவினம். நான் தோட்டத்துக்குக் கடிதம் போடுவன். என்ரை கையாலை, தமிழிலை விலாசம் எழுதிப் போடுவன். மாசி கடைசிக்குள்ளை வரும். வந்த அண்டைக்கே வெளிக்கிட வேணும். மூண்டு மாதம் பிந்தினா ஒரு கண்ணாவது போகும். விளங்குதே?"

விளங்கியது. நன்றாக விளங்கியது. அதனால்தான் மாசி முழுக்க அவள் தபாலுக்குக் காத்திருந்தாள்.

தோட்டத்துத் தபால் பை நேரே ஆபீஸுக்குப் போகும். பெரிய கிளாக்கர் அம்பலவாணர்தான் பையை அவிழ்ப்பார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி, தோய்த்து மடிப்புக் குலையாத சட்டை. தொழிலாளிக்கு வருகிற கடிதத்தைச் செக்ரோலோடு ஒத்துப்பார்த்துத்தான் கொடுப்பார். அவருடைய ஜன்னலுக்கு முன்னால் செருப்பில்லாத காலோடு நின்று வீராயி கேட்டாள்.

"தபாலு ஏதும் வந்திச்சாங்க ஐயா?"

அவர் நிமிரவில்லை. "பேர்?"

"லெட்சுமிங்க. நம்பரு அறுவத்தெட்டு."

அவளே சொன்னாள். தன் வாயாலேயே சொன்னாள். இருபத்துமூன்று வருசம் அந்த ஜன்னலில் அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலைச் சொல்லிப் பழகின நாக்கு, அன்றைக்கும் அதையே சொன்னது. பதுளையில் வேறு பேர் சொன்னது அவளுடைய நினைவில் ஒரு மூலையிலும் எழவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டது அவளை. ஆபீஸில் கேட்பது எப்போதும் செக்ரோலை.

"லெட்சுமிக்கு ஒண்டும் இல்லை. போம்."

மாசியில் மூன்று தடவை போனாள். பங்குனியில் நான்கு தடவை. "கட்டில் கிடைக்கலபோல. கொழும்புல எம்புட்டு சீக்காளி இருப்பாங்க" என்றான் கணபதி. அவள் நிரையில் நின்று தலையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் கொழுந்து எடுத்தாள். வீரசிங்கம், "என்னா, கோழி மாதிரிப் பாக்குற?" என்றான். "முட்டை போடப்போறேன், ஒன் தொப்பியக் குடு" என்றாள்.

சித்திரை வருசப்பிறப்புக்கு முந்தின நாள் காலையில் தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் முகம் கழுவிக்கொண்டே வலது கண்ணைத் தற்செயலாகப் பொத்தினாள். பீலித் தண்ணீரின் சத்தம் இருந்தது. பீலி இல்லை. எதிரே நின்ற கணபதி இல்லை. வெளுத்த ஒரு மங்கல்தான் இருந்தது. கையை எடுத்தாள், வந்தது. திரும்பப் பொத்தினாள், போனது. அவள் கத்தவில்லை. வாளியை உதைத்துத் தள்ளிவிட்டு, ஈரச் சீலையோடு அப்படியே தெமோதரைக்கு இறங்கினாள். கணபதி பின்னால் ஓடினான்.

இரகுநாதன் டாக்டர் அவளைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார். "எங்கை போனீங்கள் நீங்கள்? ரெண்டு முறை கட்டில் வந்தது. ரெண்டு முறையும் வேறை ஆளுக்குப் போட்டுது!"

"கடுதாசி வரலீங்களே ஐயா!"

அவர் மேசை லாச்சியை இழுத்து இரண்டு கடித உறைகளை எடுத்துப் போட்டார். இரண்டிலும் அவர் கையெழுத்து. இரண்டிலும் குறுக்கே சிவப்பு மையில் ஒரு வரி. அவர் படித்தார்: "இப்பெயருடைய ஆள் இத்தோட்டத்தில் இல்லை."

"நான்தான் இருக்கேனே!" என்றாள் வீராயி.

கணபதிதான் முதலில் தலையில் அடித்துக்கொண்டான். "பேரு... அய்யோ, ஆபீஸுல ஒனக்கு லெட்சுமியில்ல..."

அது அவளுக்குள் இறங்க ஒரு நிமிசம் பிடித்தது. இறங்கியதும் அவளுக்குக் கண் தெரிந்ததோ தெரியவில்லையோ, எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. அந்த ஜன்னலுக்கு எத்தனை தடவை போனாள்! அந்த மனுசனின் கைக்கும் அவள் முகத்துக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்குமா? முதல் கடிதம் மேசையில் கிடந்த நாளில்கூட அவள் அங்கே நின்றிருப்பாள். ஒரே ஒரு தடவை அவர் தலையை வெளியே நீட்டி, 'வீராயி யாரப்பா?' என்று கேட்டிருந்தால் போதும். வரிசையில் நின்ற சின்னப்பிள்ளைகூட கையைக் காட்டியிருக்கும். கேட்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தார், பேர் இல்லை, மையைத் தொட்டு எழுதினார்.

"உங்களுக்கெண்டாலும் தெரிஞ்சிருக்க வேணாமே?" என்றார் டாக்டர். அவருக்கும் கோபம். "எனக்கு அந்தப் பேரைச் சொல்லியிருக்கலாமே!"

"எம்பேரக் கேட்டீங்க, எம்பேரச் சொன்னேன்!" என்று அவரிடமும் பாய்ந்தாள். "கண்ணு வலிக்கிது எனக்கு. செத்தவளுக்கா வலிக்கிது, அவ பேரச் சொல்ல?"

டாக்டர் தொலைபேசிக்குப் போனார். ஒரு மணித்தியாலம் யாருடனோ இங்கிலீசில் கத்தினார். அடுத்த நாள் காலை ரயிலில் அவளையும் கணபதியையும் ஏற்றிவிட்டது அவர்தான். அவள் அந்த இரண்டு உறைகளையும் கேட்டு வாங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

கொழும்பில் அவளுடைய கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் ஸைனப் என்று ஒருத்தி கிடந்தாள். ஹல்துமுல்லையில் சில்லறைக் கடை வைத்திருப்பவரின் மனைவி. இரண்டு கிழமைக்கு முன்னால் அதே மாதிரி மண்டை திறந்து, தைத்து, மொட்டைத் தலையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தாள். சிங்களம் நன்றாகப் பேசுவாள். பெரிய டாக்டர் வந்து சொல்வதையெல்லாம் வீராயிக்குத் தமிழில் சொன்னவள் அவள்தான். தன் பங்குக்கும் சேர்த்துச் சொன்னாள்.

"நாளைக்கிக் கழுத்துல ஊசி குத்தி மருந்து ஏத்திப் படம் எடுப்பாங்க. முகமெல்லாம் நெருப்பாட்டம் எரியும். ரெண்டு நிமிசந்தான். கத்துங்க, பரவால்ல, நானும் கத்தின. பொறகு மொட்டை. அதுக்குத்தான் நான் கூட அழுத, வெட்டினதுக்கு அழுவல்ல."

"முழிச்சதும் எப்பிடி இருக்கும் அக்கா?"

"ரெண்டு கண்ணும் வீங்கி மூடி ஈக்கும். குருடாப் போய்ட்டம் எண்டு நெனச்சிராதீங்க. அது வீக்கம். நாலஞ்சு நாள்ல தொறக்கும். நான் அது தெரியாம முழு வாட்டையும் கூப்பாடு போட்டு எழுப்பின. நர்ஸ் வந்து ஏசின ஏச்சு, அந்தச் சிங்களத்த ஒங்களுக்கு மொழிபெயர்க்க ஏலாது."

வீராயி சிரித்தாள். பிறகு மடியிலிருந்து உறைகளை எடுத்துக் காட்டி நடந்ததைச் சொன்னாள். ஸைனப் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் படித்தாள்.

"ஒங்கட பேரு இதுல எது எண்டாவது தெரியுமா புள்ள?"

"எழுத்துத் தெரியாதுக்கா."

"மூணே எழுத்து. பாருங்க, இந்தச் சுழி போட்டது வீ. இது ரா. கடைசில யி. நாளைக்கி எவனாவது எதயாவது எழுதி நீட்டினா, மொதல்ல இந்த மூணும் ஈக்கா எண்டு பாருங்க."

ஒரு கண்ணின் நடுவில் மிச்சமிருந்த சின்ன வட்டத்துக்குள் அந்த மூன்று எழுத்தையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். அறுப்புக்கு முந்தின மூன்று நாளும் அவளுக்கு அதுதான் வேலை.

அறுப்பு ஏழு மணித்தியாலம் போனது. கணபதி கைநாட்டு வைத்துவிட்டு வாசலில் குந்திக்கொண்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தான். அவள் கண் விழித்தபோது ஸைனப் சொன்ன மாதிரியே இருட்டாக இருந்தது. கத்தவில்லை. எண்ணிக்கொண்டு கிடந்தாள். இரண்டாம் நாள் காய்ச்சல் அடித்தது. மூன்றாம் நாள் மூக்கால் தெளிந்த தண்ணீர் ஒழுகியது. உடனே நர்ஸைக் கூப்பிட்டாள். கட்டிலில் சாய்த்துவைத்து, பத்து நாள் தலையை அசைக்கவிடாமல் கிடத்தினார்கள். ஒழுகல் நின்றது. ஐந்தாம் நாள் வலது கண் இமை பிரிந்தது. ஜன்னல் தெரிந்தது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு மரம் தெரிந்தது. முன்னைவிடக் கொஞ்சம் அகலமாகவே தெரிந்தது. இடது கண் பிரிந்தது, ஒன்றும் தெரியவில்லை.

பெரிய டாக்டர் கட்டிலின் ஓரத்தில் நின்று சொன்னதை ஸைனப் தயங்கித் தயங்கித் தமிழாக்கினாள். "கட்டி முழுசா எடுத்தாச்சாம். வலது கண்ணு நிக்குமாம். எடது... ஒரு ரெண்டு மாசம் முந்தி வந்திருந்தா அதுவும் நிண்டிருக்குமாம்."

வீராயி தலையணைக்கு அடியில் கையை விட்டு அந்த உறைகளைத் தொட்டுப் பார்த்தாள்.

புறப்படும்போது அவளிடம் ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்தார்கள். ஆறு மாசத்துக்குத் தலையில் பாரம் ஆகாது. கூடைக் கயிறு ஆகாது. குனிந்து செய்கிற வேலை ஆகாது. உட்கார்ந்து செய்கிற வேலை கொடுக்கவேண்டும். ஆறாம் மாசம் திரும்ப வந்து காட்டவேண்டும், கடிதம் வரும். பதுளையில் இரகுநாதன் டாக்டர் அதையே தமிழிலும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

"கூடைக் கயிறு எங்கை கிடக்கும், காட்டுங்கோ" என்றார். அவள் உச்சிக்குச் சற்று முன்னால் விரலை வைத்தாள். "சரியா அதிலைதான் எலும்பு வெட்டி வைச்சுக் கிடக்கு. இன்னும் பொருந்தேல்லை. அதிலை கொழுந்துப் பாரம் இழுத்தா என்ன நடக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை."

ஆவணி பிறந்து ஒரு திங்கட்கிழமை விடியலில் அவள் பெரட்டுக்குப் போனாள். தலையில் துணி சுற்றியிருந்தாள். ஆட்கள் நெருங்கி வந்து பார்த்துவிட்டு விலகி நின்றார்கள். பனியில் குடையைப் பிடித்துக்கொண்டு வீரசிங்கம் பேர் கூப்பிட்டான். பக்கத்தில் அம்பலவாணர் செக்ரோலோடு நின்றார்.

"லெட்சுமி!"

வீராயி முன்னால் வந்து துண்டை நீட்டினாள். வீரசிங்கம் அதை வாங்கிக் கிளாக்கரிடம் கொடுத்தான். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இது வீராயி எண்ட ஆளுக்குக் குடுத்த துண்டு. செக்ரோலிலை அப்பிடி ஒரு ஆள் இல்லை. லெட்சுமிக்கு எண்டு ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வாரும், பாப்பம். இண்டைக்குக் கொழுந்துக்குப் போம்."

வீரசிங்கம் ஒரு கூடையைத் தூக்கி அவள் பக்கம் நீட்டினான். "போ வீராயி, இன்னைக்கி ஒரு நாளு சமாளி" என்றான் மெதுவாக. வீராயி என்றுதான் சொன்னான்.

அவள் கூடையைத் தொடவில்லை. இரண்டு கையாலும் தலைத்துணியை அவிழ்த்தாள். மயிர் அரை விரல்கூட வளராத தலை. காதிலிருந்து காதுவரை தையல் வரி. முன்பக்கத்தில் எலும்பு ஒரு பக்கம் லேசாக உள்வாங்கியிருந்தது. களத்தில் நின்ற பெண்கள் சிலர் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். கிளாக்கர் பார்வையைப் புத்தகத்தில் போட்டார்.

"பொஸ்தகத்தப் பாக்காதீங்க. இங்க பாருங்க" என்றாள் வீராயி. குரல் உயரவில்லை. அதுதான் கணபதியைப் பயமுறுத்தியது. "கூடை லெட்சுமிக்குத்தான? சரி. அப்ப லெட்சுமிகிட்டக் குடுங்க. அவ எங்க இருக்கான்னு நாஞ் சொல்றேன். மூணாம் நம்பர் மலைக்குக் கீழ, வேலியோரம் பொதச்சிருக்கு. இருவத்திமூணு வருசமாச்சி. கங்காணிக்கு எடந் தெரியும், அவுக அப்பாதான் குழிக்கு ஆளு விட்டாரு. எடுத்துட்டுப் போயி அவ தலையில மாட்டி விடுங்க. அவ மண்டைய யாரும் தொறக்கல, நல்லாத் தாங்கும்."

யாரோ பின்னால் விம்மினார்கள்.

"இதென்ன கதை..." என்றார் அம்பலவாணர். "நான் என்ன செய்யிறது? புத்தகத்திலை இருக்கிறதைத்தானே நான் பாக்கேலும். பதிவில்லாத ஆக்களின்ரை பேரிலை கடிதம் எடுத்தா, இந்தியாவிலையிருந்து களவா வந்த கள்ளத்தோணியை வைச்சிருக்கிறம் எண்டு பொலிஸ் வந்து நிக்கும். இப்ப நான் பேரை மாத்தினா உம்முடைய பிரஜாவுரிமைப் பேப்பர் எல்லாம் சிக்கலாகும், தெரியுமே? உம்முடைய நன்மைக்குத்தான்..."

"நன்மையா?" மடியிலிருந்து இரண்டு உறைகளையும் எடுத்து அவர் புத்தகத்தின் மேலேயே வைத்தாள். "இது யாரு எழுத்து?"

அவர் பார்த்தார். தன் சிவப்பு மை அவருக்குத் தெரியாமல் போகுமா?

"இதுல என் கட்டிலு இருந்திச்சி. ரெண்டு தடவ. நீங்க உள்ள ஒக்காந்து ஆளு இல்லன்னு எழுதுறப்ப, ஆளு வெளிய ஜன்னலப் புடிச்சிக்கிட்டு நின்னிச்சி. ஒரு சத்தம் குடுத்திருந்தா போதும். ஒரே ஒரு சத்தம். எடது கண்ணு போச்சுங்க ஐயா. அது லெட்சுமி கண்ணு இல்ல."

"நீர்தானே என்னட்டை லெட்சுமி எண்டு சொன்னனீர்!" என்றார் அவர், பிடி கிடைத்த மாதிரி.

அது அவளைக் குத்தியது. குத்தும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு மாசம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதே முள்ளின் மேல்தான் படுத்திருந்தாள். "ஆமா, சொன்னேன்" என்றாள். "பன்னெண்டு வயசுல சொல்லிக் குடுத்தீங்க, சொன்னேன். எங்குத்தத்துக்கு என் ஒரு கண்ணக் குடுத்துட்டேன். நீங்க என்னா குடுத்தீங்க?"

அப்போது வரிசையின் கடைசியிலிருந்து கருப்பம்மா என்கிற கிழவி, வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "எனக்கும் ஆபீஸுல ராக்கம்மான்னுதான் ஐயா போட்டிருக்கு. அவ ஊருக்குப் போயி எத்தன காலமாச்சி. நாளைக்கி நாஞ் செத்தா, சாவுத் துண்டு யாருக்கு எழுதுவீங்க? எனக்கா, அவளுக்கா?" இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்பு நல்ல சிரிப்பாக இல்லை. வேறு சிலரும் வாய் திறக்கப்போகிற மாதிரி அசைந்தார்கள்.

அம்பலவாணர் சுற்றிலும் பார்த்தார். துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் மேல்ரோட்டில் கேட்டது. "சரி, சரி. சத்தம் போடாதேங்கோ. இலகு வேலைதானே, போட்டுவிடுறன்." காதில் இருந்த பென்சிலை எடுத்தார்.

"பென்சிலு வேணாங்க."

"என்ன?"

"ஆளு இல்லன்னு எழுதுன மையி இருக்கில்ல. அதுலயே எழுதுங்க."

அவர் வீரசிங்கத்தைப் பார்த்தார். வீரசிங்கம் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஆபீஸுக்குள் போய் மைக்கூட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்தான். அம்பலவாணர் பேனாவை மையில் தொட்டு, அறுபத்தெட்டாம் நம்பருக்கு எதிரே ஏதோ எழுதினார். மூடப்போனார். வீராயி புத்தகத்தின் மேல் கையை வைத்தாள். குனியக்கூடாதல்லவா? புத்தகத்தையே தூக்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்து, தலையை மெல்ல மெல்லத் திருப்பி, அந்த ஒற்றைக் கண்ணின் நடு வட்டத்தை எழுத்தின் மேல் ஓட்டினாள். ஒரு தடவை போனாள், திரும்ப வந்தாள்.

"இதுல நான் இல்லீங்க ஐயா."

"உமக்கு வாசிக்கத் தெரியுமோ?"

"மூணு எழுத்து தெரியும். அந்த மூணும் இதுல இல்ல."

அவர் முகம் கறுத்தது. 'லெட்சுமி, இலகு வேலை' என்றுதான் எழுதியிருந்தார். புத்தகத்தை வாங்கி, திரும்ப மையைத் தொட்டு, பேருக்குப் பக்கத்தில் எழுதினார். அவள் தூக்கிப் பார்த்தாள். சுழி போட்ட வீ. அடுத்து ரா. அதற்கடுத்து யி. ஈரம் காயாமல் மினுங்கின.

"இப்ப திருப்திதானே?"

"எதுக்குங்க திருப்தி?" புத்தகத்தை அவர் கையில் வைத்தாள். "எழுதி முடிக்க ஒரு நிமிசம் ஆகல. இதுக்கா எங்கண்ணு?"

தலைத்துணியைச் சுற்றிக்கொண்டாள். உறைகளை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். ஆறாம் மாசம் இன்னொரு கடிதம் வரவேண்டியிருக்கிறது. அதுவரை அவை அவளிடமே இருக்கும்.

ஸ்டோரில் குச்சி பொறுக்குகிற வேலை போட்டார்கள். காய்ந்த தேயிலைக் குவியலுக்கு முன்னால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சிவப்புக் குச்சிகளைப் பிரித்தெடுக்கிற இடம். உள்ளே நுழைகிறவர்களுக்கு வாசத்தில் மூச்சு முட்டும். வீராயி நுழைந்தாள். உட்கார்ந்தாள். இழுத்து ஒரு மூச்சு விட்டுப் பார்த்தாள். வெறும் காற்று. ஒரு கைப்பிடி தூளை அள்ளிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக் குச்சியைத் தேட ஆரம்பித்தாள்.

சாயங்காலம் வாசலில் வீரசிங்கம் வந்து நின்று பேர் கூப்பிட்டுச் சரிபார்த்தான். அவள் முறை வந்ததும் ஒரு நொடி தயங்கினான்.

"வீராயி."

அவள் உடனே பதில் சொல்லவில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று குச்சியைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.